பள்ளிக்கு பைனாகுலர் வாங்கப் போகும் என் மாணவர்களுக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, பள்ளியில் இருக்கும் தேசிய பசுமைப் படைப் பிள்ளைகளுக்கு பைனாகுலர் வாங்கித் தர 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த கைகளுக்கு முதலில் என் வணக்கம். பணம் சேர்ந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் சண்டையும் ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக ஓடுகிறது. "இயற்பியல் சார் சொல்லட்டும்" என்று கடைசியில் என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

குழுவில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

முதல் கட்சி: "வாங்குவது வாங்குகிறோம், பெரிதாகக் காட்டுவதாக வாங்குவோம். 20 மடங்கு இருக்கிறது, 30 மடங்கு இருக்கிறது. வெறும் 8 மடங்கை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

இரண்டாம் கட்சி: "இன்னும் கொஞ்சம் பணம் போட்டு உலகத்திலேயே நல்ல கம்பெனி ஒன்றை வாங்குவோம். ஒன்று வாங்கினாலும் உருப்படியாக இருக்கட்டும்."

மூன்றாம் கட்சி: "ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 40 பிள்ளைக்கு 40 வாங்கி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம்."

மூன்று பேருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் மூன்றுமே தப்பு என்பது என் கருத்து. 8×42 என்று குறித்திருக்கும் பைனாகுலரில், ஒன்று 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள் வருகிற நடுத்தர விலைச் சரக்காக நான்கு வாங்குங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டும். அதில் குற்றவாளி நான்தான்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, சரண்டர் பணம் வந்த கையோடு ஒரு பைனாகுலர் வாங்கினேன். 10 முதல் 30 மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் 'ஜூம்' வகை. முன்பக்கக் கண்ணாடி 50 மி.மீ. கடைக்காரர் "முப்பது மடங்கு சார்" என்றதும் மயங்கிவிட்டேன். ஒளியியல் நடத்துகிற வாத்தியாரே மயங்கினால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

அந்தத் தை மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேன் வைத்து கூந்தன்குளம் கூட்டிப் போனேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். குளத்துக்கு நடுவே வரித்தலை வாத்துகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. இமயமலையைத் தாண்டி நம்மூர் குளத்துக்கு வருகிற வாத்து. அதன் தலையில் இருக்கும் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பிள்ளைகள் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஜூமை 30-க்குத் திருப்பி வைத்துவிட்டு வரிசையில் நிற்க வைத்தேன். ஆளுக்கு அரை நிமிடம்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"அடுத்து வா. தெரியுதா?"

"தெரியுது சார். அழகா இருக்கு சார்."

முப்பது பிள்ளைகளும் தெரியுது என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் இதையே பேசியிருப்பேன்.

போன வருடம், அந்த வரிசையில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் இப்போது வைத்திருக்கும் 8×42 பக்கத்தில் கிடந்தது. எதிரே மின்கம்பியில் ஒரு பனங்காடை. "எடுத்துப் பாரும்மா" என்றேன். எடுத்தாள். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பனங்காடை பறந்தபோது அதன் இறக்கையின் நீலம் விரிந்ததைப் பார்த்து "ஆத்தாடி" என்றாள். பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. அன்னைக்கு கூந்தன்குளத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல சார். கறுப்பா ஏதோ ஆடிக்கிட்டே இருந்துச்சு. முன்னால நின்னவங்க எல்லாரும் தெரியுதுன்னாங்க. எனக்குத்தான் கண்ணுல கோளாறுன்னு நெனச்சேன். அதான் நானும் தெரியுதுன்னுட்டேன்."

அதற்குப் பிறகு நான் நடத்திய எந்தப் பறவை நடைக்கும் அவள் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடமாக, பறவை பார்ப்பதெல்லாம் கண் நன்றாக இருக்கிறவர்களுக்கு என்று அவள் ஒதுங்கியிருக்கிறாள். கோளாறு அவள் கண்ணில் இல்லை. நான் வாங்கிய கருவியிலும், அதை 30-க்குத் திருப்பிய என் கையிலும்தான் இருந்தது.

அன்று இரவு பழைய ஜூம் பைனாகுலரைப் பரணிலிருந்து இறக்கி, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

8×42 என்றால் என்ன? முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்பக்கம் இருக்கும் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 8 மடங்கு என்றால், 80 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். அதே பறவையை 10 மடங்கில் பார்த்தால் 8 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். 8-க்கும் 10-க்கும் இவ்வளவு சண்டை போடுகிறோமே, உண்மையில் நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு மீட்டர்தான். அந்த இரண்டு மீட்டருக்கு நாம் கொடுக்கிற விலை என்ன? மூன்று.

முதல் விலை, ஆட்டம். பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. நம் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. யார் கையும் ஆடாமல் இருக்காது. மூச்சு விடுகிறோம், இதயம் துடிக்கிறது. 8 மடங்கில் அந்த ஆட்டத்தைக் கண் சமாளித்துக்கொள்ளும். 10 மடங்கு ஓரளவு பழகியவர்களுக்கு ஒத்துவரும். 20, 30 மடங்கை முக்காலியில் பொருத்தாமல் கையில் பிடித்துப் பார்ப்பது, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் காலங்காலமாக 7×50 வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். ஆடுகிற தளத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஏழு மடங்குக்கு மேல் பயன்படாது.

இரண்டாம் விலை, பார்வைப் புலம். அதாவது ஒரு பார்வையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. நல்ல 8 மடங்கு பைனாகுலரில் ஏழரை டிகிரி அளவுக்குத் தெரியும். 100 மீட்டர் தூரத்தில் அது 13 மீட்டர் அகலம்.  20 மடங்கில் 3 டிகிரிதான் என்றால், அதே தூரத்தில் 5 மீட்டர். பழகிய ஆளுக்கே அந்த 5 மீட்டருக்குள் பறவையைக் கொண்டுவர நேரம் பிடிக்கும். முதல் தடவையாகக் கருவியைக் கையில் வாங்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கொடுத்தது அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் அவள் தண்ணீரையும் வானத்தையும்தான் பார்த்திருப்பாள்.

மூன்றாம் விலை, வெளிச்சம். பலருக்குத் தெரியாததும், நான் வகுப்பில் சொல்லித்தராமல் விட்டதும் இதுதான். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரின் பின்பக்கம் வெளியே வந்து நம் கண்ணுக்குள் போகிற ஒளிவட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தினால், கண்ணருகு லென்ஸின் நடுவே சின்ன வெள்ளை வட்டமாக இது தெரியும்.

நம் கண்பாவை நடுப்பகலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் பகலில் எல்லா பைனாகுலரும் வெளிச்சமாகத்தான் தெரியும். கடையில் நம்மை ஏமாற்றுவது அந்தப் பகல்தான். விடியற்காலையிலும் அந்தியிலும் கண்பாவை விரிகிறது. இளவயதுக்காரர்களுக்கு நல்ல இருட்டில் 7 மி.மீ. வரைகூட விரியும். என் வயதில் 5 வந்தால் பெரிய விஷயம். அந்த நேரத்தில் 5.25 மி.மீ. ஒளிவட்டம் கண்பாவையை நிறைக்கும். 20×50-இல் ஒளிவட்டம் 2.5 மி.மீ.தான். பரப்பளவைக் கணக்கிட்டால் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. என் ஜூமை 30-க்குத் திருப்பினால் 1.7 மி.மீ. கூட இல்லை. கண்ணைச் சரியாக அந்தச் சின்ன வட்டத்துக்கு நேரே வைக்காவிட்டால் கறுப்புதான் தெரியும். "கறுப்பா ஏதோ ஆடிக்கிட்டே இருந்துச்சு" என்று அவள் சொன்னாளே, எழுத்துக்கு எழுத்து சரி.

இந்த வெளிச்சக் கணக்கை எனக்கு முதலில் சொன்னவர் படிக்காத ஒருவர், என் தாய்மாமா. அறுபதுகளில் அவர் வேட்டைக்குப் போகிறவர். முயல், காடை, கவுதாரி, குளத்தில் வாத்து. கப்பலில் வேலை பார்த்த ஒரு கூட்டாளியிடம் வாங்கிய பழைய 7×50 ஒன்று வைத்திருந்தார். கனம் என்றால் அப்படி ஒரு கனம். பொழுது சாய்ந்து, எங்கள் வெறுங்கண்ணுக்குப் புதர் எது, கல் எது என்று தெரியாத நேரத்தில் அதை என் கையில் கொடுப்பார். புதருக்குள் முயலின் காது தனியாகத் தெரியும். "இதைவிடப் பெருசாக் காட்டுறது இருக்கா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "பெருசாக் காட்டி என்னல செய்ய? வெளிச்சமாக் காட்டணும்" என்றார். ஐம்பது ஆண்டு கழித்து நான் காகிதத்தில் போட்ட வகுத்தல் கணக்கின் விடை அதுதான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் நாட்டில் வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. மாமா துப்பாக்கியை ஒப்படைத்தார், பைனாகுலரை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் சாயங்காலம் குளக்கரைக்குப் போவார், பார்த்துவிட்டு வருவார். இப்படி மாறியவர் அவர் ஒருவர்தானா? பறவையியலுக்கு நம் நாட்டில் முகமாக இருந்த சாலிம் அலியே சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டைச் சுட்டு, அது என்ன குருவி என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் பறவை உலகத்துக்குள் வந்தார்.

வேட்டைக்குச் சட்டத்தில் இடம் இருக்கும் நாடுகளிலும் இதே கணக்குதான். அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன், உடன் வேலை பார்ப்பவர்களோடு மான் வேட்டைக்குப் போவதற்காக உரிமம் எடுத்திருப்பதாகவும், என்ன பைனாகுலர் வாங்கலாம் என்றும் போன மாதம் கேட்டான். எனக்கு வேட்டையில் மனம் ஒப்பாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னேன். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். மரங்கள் அடர்ந்த காட்டில் தூரம் குறைவு, இருட்டு அதிகம். அங்கே 8×42 போதும். திறந்த மலைச்சரிவுகள் இருக்கும் மேற்குப் பகுதிகளில் 10 மடங்கு, அதற்கு மேல் என்றால் முக்காலி. இன்னொன்றும் சொன்னேன். துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கி வழியாக "அது என்ன?" என்று தேடிப் பார்க்கவே கூடாது. தேடுகிற இடத்தில் ஒரு மனிதன் நின்றால் துப்பாக்கி முனை அவனை நோக்கித்தானே இருக்கும்? அதனால்தான் அங்கே வேட்டைக்குப் போகிறவன் கழுத்தில் தனியாக ஒரு பைனாகுலர் தொங்குகிறது. சரியாகப் பார்க்காமல் விரல் அசைந்தால் திரும்பப் பெற முடியாது. அப்படிப்பட்ட ஆட்களே பெருக்கத்தைவிடத் தெளிவையும் வெளிச்சத்தையும் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், நாம் யோசிக்க வேண்டாமா?

நம் ஊருக்கு வருவோம். ஆறுமணிக் குருவி என்று ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நம் தோப்புகளுக்கு வரும். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடும் என்பதால் அந்தப் பெயர். உடம்பு முழுக்கப் பச்சை, நீலம், சிவப்பு என்று வண்ணம். ஆனால் மர நிழலில், சருகுக்குள் தரையோடு தரையாக மேயும். வெளிச்சம் குறைவான நேரம், வெளிச்சம் குறைவான இடம். நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால் 20 மடங்கு வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 8×42 காட்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன்.

1,500 ரூபாய்க் கட்சிக்குச் சொல்கிறேன். வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் அதன் மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் லென்ஸும் முப்பட்டகமுமாகப் பத்துப் பரப்புக்குக் குறையாமல் இருக்கும். பூச்சு இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் உள்ளேயே போய்விடும். எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு கொடுத்திருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு முதலில் அந்தப் பூச்சுக்குப் போகிறது. அடுத்தது முப்பட்டகத்தின் கண்ணாடி ரகத்துக்கு. அடுத்தது இரண்டு குழல்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதற்கு. மலிவுச் சரக்கில் ஒருமுறை கீழே விழுந்தால் இரண்டு குழலும் இரண்டு திசை பார்க்கும். பத்து நிமிடத்தில் தலைவலி வரும். பிள்ளை கருவியைக் குறை சொல்லாது, தன் தலையைத்தான் குறை சொல்லும்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கிய ஒன்றைக் காட்டினான். மேலே '40×60' என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். முன் லென்ஸ் 36 மி.மீ. பின்னால் வருகிற ஒளிவட்டம் நாலரை மி.மீ. வகுத்தால் 8 மடங்கு. நாற்பதும் பொய், அறுபதும் பொய். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் நீங்களும் அளந்து பாருங்கள்.

விலை உயர்ந்த கட்சிக்குச் சொல்கிறேன். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் சைஸ், லைக்கா எல்லாம் அற்புதமான கருவிகள். ஒருமுறை நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பார்த்தேன். பொழுது அடைந்த பிறகும் தெரிந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் உயர்ந்த ரகங்கள் லட்சத்தைத் தாண்டும். 1,500-க்கும் 15,000-க்கும் இருக்கிற வித்தியாசம் மலை அளவு. 15,000-க்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இருக்கிற வித்தியாசம், வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் முழுதாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியில் ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருள் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமையாசிரியர் அறையில், இரும்பு பீரோவில், பூட்டுக்குள். ஆண்டாய்வுக்கு யாராவது வந்தால் வெளியே எடுப்பார்கள். நம் பள்ளியின் நல்ல மைக்ராஸ்கோப் அப்படித்தான் இருந்தது. நீங்கள் யாராவது அதற்குள் கண் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பொறுப்பாக இருந்தவர்களில் நானும் ஒருவன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிற பொருள்தான் வேண்டும். கீழே விழுந்தால் மனம் பதற வேண்டும், ஆனால் தூக்கம் போகக்கூடாது. அந்த விலைதான் நடுத்தர விலை.

நான்கு போதுமா என்று கேட்பீர்கள். பத்துப் பிள்ளைக்கு ஒன்று. குளக்கரையில் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். பார்க்காத நேரத்தில் மற்றவர்கள் நோட்டில் எழுதட்டும், படம் வரையட்டும், வெறுங்கண்ணால் தேடட்டும். முதலில் பறவையைக் கண்டுபிடிப்பது எப்போதும் வெறுங்கண்தான்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

கையை நீட்டிப் பிடித்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் முப்பட்டகம் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டு சதுரம்போல், சாம்பல் நிறமாக இருந்தால் மலிவான கண்ணாடி.

முன் லென்ஸில் ட்யூப்லைட் பிரதிபலிப்பைப் பாருங்கள். பூச்சு உள்ளதில் மங்கலாகப் பச்சை, ஊதா நிறத்தில் தெரியும். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு சரியில்லை. லென்ஸே ரத்தச் சிவப்பாகப் பளபளத்தால் தொடவே வேண்டாம்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு: கண்ணுக்கும் கண்ணருகு லென்ஸுக்கும் இடையே விடக்கூடிய தூரம் 15 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். பெட்டியிலேயே போட்டிருக்கும். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியோடே பாருங்கள். இப்போது பிள்ளைகளிலேயே பலர் கண்ணாடி போடுகிறார்கள், மறந்துவிடாதீர்கள்.

இரண்டு குழலையும் எவ்வளவு நெருக்கமாக மடக்க முடிகிறது என்று பாருங்கள். சின்ன முகத்துக்கு அது முக்கியம். எடை 700 கிராமைத் தாண்ட வேண்டாம்.

ஜூம் வேண்டாம். இதை அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. 10×42 வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. கை நிதானமாக இருந்து, பெரும்பாலும் திறந்த குளங்களில், நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறவர்களுக்கு 10 கொஞ்சம் கூடுதல் விவரம் காட்டும். கூந்தன்குளம் போன்ற பரந்த நீர்ப்பரப்பில் தூரத்து வாத்துகளின் இறகு வரியை எண்ண வேண்டுமென்றால் முக்காலியில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் சரி. பின்னால் இன்னொரு பேட்ச் பணம் சேர்த்தால் அதை வாங்கட்டும். ஆனால் முதல் கருவி, பிள்ளைகளின் கருவி, 8 மடங்காகத்தான் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் நான் சொன்ன இத்தனையும் வீண். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றுபோல் இருக்காது. வலது கண்ணை மூடிக்கொண்டு, நடு வளையத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணருகு லென்ஸில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாரைக் கழுத்தில் மாட்டிய பிறகுதான் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். லென்ஸை வேட்டி முனையால் துடைக்கிற வேலை வேண்டாம். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைசியாக, இப்போது பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று. உங்களில் சிலர் என் மாணவர்கள் என்ற உரிமையில் சொல்கிறேன். பிள்ளையிடம் "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் வாத்தியார் மனம் நோகக்கூடாது என்று தெரியுது என்பார்கள். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்டு, "புரிஞ்சுது சார்" என்று நீங்கள் ஒரே குரலில் சொன்னதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை பேருக்கு உண்மையிலேயே புரிந்திருக்கும்? அதற்குப் பதிலாக "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "தலையில ரெண்டு கறுப்புக் கோடு சார்" என்று பிள்ளை சொன்னால் தெரிகிறது. பேசாமல் நின்றால் வளையத்தைத் திருப்பிக் கொடுங்கள், காத்திருங்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். நம் பிள்ளைகள் நம்மூர் குளத்தையே கணக்கெடுக்கட்டும். நானும் வருகிறேன். அந்தப் பெண்ணையும் குழந்தையோடு வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். வாத்தியார் சொன்னார் என்பதற்காக "சரி சார்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்